மோலோகினிக்குச் சின்னக் குழுவாகக் கேட்டமரானில்: நீச்சல் தெரியாதவரும் பிரஷர் உள்ள அப்பாவும் கூட வரும்போது

டல்லாஸிலிருந்து ஹவாயின் மாவி தீவுக்கு ஒரு வார விடுமுறை. கூட வருபவர்கள் நீச்சல் தெரியாத மனைவி, ஒன்பது வயது மகள், சென்னையிலிருந்து வந்திருக்கும் 64 வயது அப்பா. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு. ஸ்நார்க்கெல் செய்ய, அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி நீரில் மிதந்து மீன் பார்க்க, மோலோகினி என்ற சிறு தீவுக்குப் பெரிய படகில் போவதா, கூடுதல் காசு கொடுத்து இருபது பேர் மட்டும் ஏறும் கேட்டமரானில் (இரட்டை அடிப்பாகப் படகில்) போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டாருக்குச் சின்னக் குழுதான் சரி. விளம்பரங்கள் நெரிசல் இல்லை, நிம்மதி என்று சொல்லும். அதைவிட முக்கியம், தண்ணீரில் மிதப்பவர்களைக் கவனித்துக்கொண்டிருக்கும் கண்கள் எத்தனை என்பது.

முதலில் படிக்கட்டுக் கணக்கு. மோலோகினியில் ஒரு படகு கட்டிக் கிடக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி. பின்பக்கம் ஒரே ஏணி இருந்து, ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும், நாற்பது பேர் இறங்க இருபது நிமிடம் ஆகும். ஏறுவதற்கு அதற்கு மேல் ஆகும், களைத்தவர்களும் குழந்தைகளும் ஏணியில் தயங்குவார்கள். நீச்சல் தெரியாத ஒருவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் பயம் பெருகும். இருபது பேர் உள்ள படகில் ஒரு ஊழியர் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கூடவே மிதக்க முடியும். நாற்பது ஐம்பது பேர் உள்ள படகில் அது நடக்காது.

அதனால் பதிவு செய்யும் முன் போன் செய்து, "உங்கள் படகு எத்தனை பேருக்கானது" என்று கேட்காமல், "இந்தப் பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை டிக்கெட் விற்பீர்கள்" என்று கேளுங்கள். இரண்டும் வேறு. கடலோரக் காவல்படை 49 பேருக்குச் சான்று கொடுத்த படகில் 24 பேருக்கு மட்டும் விற்கும் கம்பெனி உண்டு, முழுக்க நிரப்பிக்கொண்டு 'சின்னக் குழு' என்று போடுவதும் உண்டு. அடுத்த கேள்வி, ஸ்நார்க்கெல் நேரத்தில் ஊழியர் எத்தனை பேர், அதில் தண்ணீருக்குள் இறங்குபவர் எத்தனை பேர், படகின் மேலே நின்று கண்காணிக்க மட்டும் ஒருவர் இருக்கிறாரா என்பது. மூன்றாவது, ஏணி எப்படிப்பட்டது. செங்குத்தான இரும்பு ஏணியா, கைப்பிடியோடு தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டா? அப்பாவின் முட்டிக்கு இது முக்கியம். ஆறு பயணிகள் வரை மட்டும் ஏற்றும் படகுகளும் உண்டு. அவற்றுக்குக் காவல்படையின் ஆய்வுச் சான்று கட்டாயமில்லை, கேப்டனுக்கு உரிமம் இருந்தால் போதும். அனுபவமுள்ள நான்கு நண்பர்களுக்கு அது அருமையாக இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். படகு சின்னதாக ஆக ஆட்டம் கூடும், நிழல் குறையும், கழிவறை ஒன்றே ஒன்றாகிவிடும், சிலவற்றில் அதுவும் இராது.

இனி காற்று. மாவியில் எல்லாத் திட்டத்தையும் முடிவு செய்வது அதுதான். மோலோகினி, கடலுக்கு மேல் பிறை வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு எரிமலைக் கூம்பின் விளிம்பு. மாவியின் தென்மேற்குக் கரையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. 1977 முதல் கடல் உயிர்ப் பாதுகாப்புப் பகுதி. மேலே கடற்பறவைச் சரணாலயம், காலை வைக்க அனுமதி இல்லை. அங்கே ஆறு ஓடை எதுவும் கிடையாது, கடலில் கரைந்து கலக்க மண்ணும் இல்லை. அதனால்தான் நல்ல நாளில் 30 மீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரியும். ஆனால் வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று, ஹலேயகலா எரிமலைக்கும் மேற்கு மாவி மலைகளுக்கும் நடுவில் உள்ள தாழ்வான சமவெளியில் நெருக்கப்பட்டு, நேராக, படகுகள் பல கிளம்பும் மாஅலாயா வளைகுடாவில்தான் வெளியே பாய்கிறது. வெயில் ஏற ஏற வேகம் கூடும். பெரும்பாலான நாட்களில் பத்து, பதினொரு மணிக்கு மேல் வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும். ஆகவே காலை ஏழு மணிக்கோ அதற்கு முன்போ கிளம்பும் படகை எடுங்கள். மதியப் படகு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பல மதியங்களில் அது மோலோகினியை எட்டுவதே இல்லை, கரையோரமாக வேறொரு பவளப் பாறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

பாய்மரக் கேட்டமரான் என்றதும் மௌனமாகப் பாய் விரித்துப் போவதைக் கற்பனை செய்வோம். காலையில் போகும்போது பெரும்பாலும் எஞ்சின்தான் ஓடும். மாஅலாயா துறைமுகத்துக்குத் திரும்பும்போது காற்று எதிரே வரும், முன்பக்க வலையில் உட்கார்ந்தவர்கள் தொப்பலாக நனைந்து குளிரில் நடுங்குவார்கள். மகள் அங்கேதான் உட்காருவேன் என்பாள். போகும்போது விடுங்கள், வரும்போது ஒரு விண்ட் சீட்டர் போட்டு உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பாய் விரித்த பயணம்தான் பிரதானம் என்றால் காஅனபாலி கடற்கரையிலிருந்து கிளம்பும் படகுகள் பொருத்தம். அங்கே படகு மணலுக்கே வந்து முட்டி நிற்கும், முழங்கால் தண்ணீரில் நடந்து ஏற வேண்டும். 2023 ஆகஸ்ட் தீயில் லஹைனா துறைமுகம் அழிந்த பிறகு அங்கிருந்து ஓடிய படகுகள் பல மாஅலாயாவுக்கு மாறின. பழைய பயணக் குறிப்புகளில் லஹைனா என்று இருந்தால் ஏறும் இடத்தை மறுபடி உறுதி செய்யுங்கள்.

கேட்டமரான் ஒருபக்கமாகச் சாயாது என்பது உண்மை. அதனால் வாந்தி வராது என்பது உண்மையில்லை. இரண்டு அடிப்பாகங்களும் வெவ்வேறு அலையில் ஏறி இறங்குவதால் ஆட்டம் குறுகலாகவும் வெட்டி வெட்டியும் இருக்கும். பின்பக்கம், நடுவாக, தொடுவானம் தெரியும்படி உட்காருங்கள். தலை சுற்ற ஆரம்பித்தவர் கழிவறைக்குள் போகவே கூடாது, அந்தச் சின்ன அறை நிலைமையை மோசமாக்கும். காற்று முதுகில் படும் பக்கத்துக் கைப்பிடிதான் அதற்கான இடம், ஊழியர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டத் தின்பதும் கூடாது. இரண்டு இட்லியோ ரொட்டியோ போதும். மாத்திரை என்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் பலன், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஊரிலிருந்து அப்பா அவோமின் கொண்டுவந்திருக்கலாம். பஸ் பயணத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் தூக்கம் வரும். தூக்கக் கலக்கத்தோடு ஆழமான தண்ணீரில் இறங்குவது சரியில்லை. அவருடைய மற்ற மாத்திரைகளோடு சேருமா என்றும் பார்க்க வேண்டும், டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஸ்நார்க்கெல் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காமல் போனது மாஸ்க். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் அளவு. தண்ணீர் கசிந்தால் எல்லோரும் முதலில் செய்வது பட்டையை இறுக்குவது. அது தவறு. இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். பட்டை பின்மண்டையின் மேல்பகுதியில், காதுக்கு மேலே, தளர்வாக இருக்கட்டும். கசிவுக்கு இரண்டு காரணங்கள் நம்மவர்களிடம் அதிகம். ஒன்று மீசை. விளிம்பு மேலுதட்டில் உட்காரும் இடத்தில் முடி இருந்தால் நீர் வழி கண்டுபிடித்துவிடும். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மழித்துவிட்டால் போதும், முழு மீசையையும் தியாகம் செய்ய வேண்டாம். இரண்டாவது தலைமுடி. நெற்றியில் விழும் நான்கு இழை போதும் கசிய. பெண்களும் குழந்தைகளும் தாழ்வாகப் பின்னலிட்டு, முன்முடியை நனைத்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மாட்ட வேண்டும். அன்று காலை தலைக்கு எண்ணெய் வேண்டாம், பட்டை வழுக்கும்.

மாஸ்க் பனித்துப்போகாமல் இருக்க, நீர்த்த பேபி ஷாம்பூ ஒரு சொட்டு உள்ளே தேய்த்து, கடல்நீரில் ஒரே ஒரு முறை அலசினால் போதும். எச்சிலும் அதே வேலையைச் செய்யும். புதிதாக வாங்கிய மாஸ்க் என்றால் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், எத்தனை ஷாம்பூ போட்டாலும் பனிக்கும். வீட்டிலேயே சாதாரண வெள்ளைப் பற்பசையால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவிக் கொண்டுபோங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க் சில படகுகளில் இருக்கும். பதிவின்போதே எண்ணைச் சொல்லி ஒதுக்கச் சொல்லுங்கள், காலையில் கேட்டால் கிடைக்காது. மகளுக்குக் குழந்தை அளவு மாஸ்க்கும், சின்ன வாய்ப்பகுதி உள்ள குழாயும் வேண்டும். பெரியவர்களுடையதைக் கொடுத்தால் தாடை வலித்துப் பத்து நிமிடத்தில் துப்பிவிடுவாள். இவற்றை மட்டும் கடையில் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஹவாய்க்கு வரும் பயணிகள் நீரில் இறப்பதற்கு முன்னணிக் காரணம் ஸ்நார்க்கெல்தான். அங்கே நடந்த ஸ்நார்க்கெல் பாதுகாப்பு ஆய்வு ஒன்றின் முடிவு பலரும் எதிர்பாராதது. இறந்தவர்களில் பலர் தண்ணீரைக் குடித்து மூழ்கியவர்கள் போலத் தெரியவில்லை. குழாய் வழியாக மூச்சை இழுக்கும்போது ஒரு தடை இருக்கிறது. அதை எதிர்த்து வேகமாக இழுக்க இழுக்க நுரையீரலுக்குள் அழுத்தம் குறைகிறது, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. மூச்சு வாங்கும், கை கால் பலமிழக்கும், பிறகு நினைவு தப்பும். கூச்சல், கையை அடிப்பது எதுவும் இல்லாமல் நடக்கலாம். பக்கத்தில் இருப்பவர் மீன் பார்க்கிறார் என்றே நினைப்பார்கள். வயது, இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், குழாயின் தடை, நீந்துவதில் உள்ள உழைப்பு எல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. நீண்ட விமானப் பயணம் முடிந்த உடனே இறங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அது உறுதியாகவில்லை, ஆனால் இரண்டு நாள் பொறுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

முகம் முழுக்க மூடும் மாஸ்க்கைப் பெரியவர்களுக்கு வாங்கித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது, மூச்சு சுலபம் என்று. அப்பாவுக்கு அது வேண்டாம். மூச்சு முட்டினால் சாதாரணக் குழாயை வாயிலிருந்து துப்பிவிடலாம், இதைத் தலையிலிருந்து கழற்றியாக வேண்டும், நடுக்கத்தில் அது வராது. பல படகுகள் அதை ஏற்பதும் இல்லை. வால்வு வைத்த குழாய்களிலும் சிலவற்றில் காற்று இழுப்பது கடினம். கடையிலேயே வாயில் வைத்து வேகமாக நான்கு தடவை இழுத்துப் பாருங்கள், சிரமமாக இருந்தால் விட்டுவிட்டு அகலமான எளிய குழாயை எடுங்கள்.

மூச்சு வாங்கினால் உடனே குழாயைத் துப்பி, எழுந்து நின்று, ஆள் கூப்பிட வேண்டும் என்பதே அடிப்படை விதி. மோலோகினியில் 'எழுந்து நிற்க' முடியாது. படகு கட்டும் இடத்தில் கால் எட்டாது. ஆகவே அப்பாவும் மனைவியும் முதல் தடவையாக மாஸ்க் போடும் இடம் மோலோகினியாக இருக்கக் கூடாது. இரண்டு நாள் முன்பாக, காலை எட்டு மணிக்கு முன், வைலேயாவில் உலுவா கடற்கரைக்குப் போங்கள். மணல் தரை, இடுப்பளவு தண்ணீர். அங்கே இருபது நிமிடம் முகத்தை நீரில் வைத்து மெதுவாக மூச்சுவிடப் பழகினால் போதும். அதில் அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், அல்லது வீட்டில் இரண்டு மாடி ஏறினாலே வாங்கும் என்றால், அவர் படகில் வரட்டும், தண்ணீரில் இறங்க வேண்டாம். அவருடைய டாக்டரிடமும் கிளம்பும் முன்பே இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பிரஷர் மாத்திரையை அன்று காலை, படகில் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தவிர்ப்பவர்கள் உண்டு. அப்பா அப்படித் தவிர்க்காமல் நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு லைஃப் ஜாக்கெட் போட்டால் பயம் போகும் என்று தோன்றும். அது ஆளை நிமிர்த்தி நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது, முகம் குப்புற மிதக்க அது விடாது, கழுத்து வலிக்கும். இடுப்பில் கட்டும் மிதவைப் பட்டையும் அக்குளுக்கடியில் ஒரு ஃபோம் நூடுலும் சேர்ந்தால் சரியாக இருக்கும். சில படகுகளில் கண்ணாடி ஜன்னல் வைத்த மிதவைப் பலகை உண்டு, இருபக்கமும் பிடித்துக்கொண்டு அதன் வழியாகப் பார்க்கலாம். முதல் தடவைக்காரர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்டுவது படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துதான், மாட்டிக்கொண்டு தளத்தில் நடக்கக் கூடாது. சைக்கிள் மிதிப்பது போல முட்டியை மடக்கினால் நகராது, களைப்புதான் மிஞ்சும். இடுப்பிலிருந்து, காலை நீட்டி, மெதுவாக அசைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் 'டூ' என்று பலமாக ஒரு ஊது. இருவர் இருவராக, ஒருவர் கீழே பார்க்கும்போது மற்றவர் நிமிர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் கையை வைத்தால் நலம், கையை வீசினால் உதவி என்று அர்த்தம், சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கையை ஆட்டிவிடாதீர்கள். பிறையின் உட்புறம் அமைதியாக இருக்கும். இரண்டு முனைகளுக்கும் அருகில் நீரோட்டம் இழுக்கும், முனையைச் சுற்றிப் போகப் பார்க்காதீர்கள்.

உடை எளிது: முழுக்கை ராஷ் கார்டு (உடலோடு ஒட்டும் நீச்சல் சட்டை), லெக்கிங்ஸ். பருத்திச் சுடிதார் தண்ணீரை வாங்கிக் கனத்துவிடும், துப்பட்டா ஏணியில் மாட்டும். தாலிக்கொடியை உடைக்குள் விட்டு ராஷ் கார்டால் மூடிவிடலாம், மோதிரம் வளையலை அறையிலேயே விடுங்கள், குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும். மாவி கவுண்டியில் 2022 அக்டோபர் 1 முதல் கனிம வகை சன்ஸ்கிரீன் மட்டுமே அனுமதி. லேபிளில் துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு தவிர வேறு செயல்படும் பொருள் இருக்கக் கூடாது. நம் நிறத்தில் அது சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பாகத் தெரியும், அதற்கும் முழுக்கை உடையே தீர்வு. நெற்றியில் தடவினால் மாஸ்க்குக்குள் வழிந்து கண் எரியும், தொப்பி போதும். பிடரியும் முழங்காலின் பின்புறமும் மறந்துபோகும் இடங்கள். குளிர்காலத்தில் கடல் 24 டிகிரி வரை இறங்கும், மகளுக்கு இருபது நிமிடத்தில் உதடு நீலமாகும். படகிலேயே வாடகைக்குத் தரும் வெட்சூட் மேல்சட்டையை எடுத்துவிடுங்கள், அது மிதக்கவும் உதவும்.

இரண்டாவது நிறுத்தம் பெரும்பாலும் மகேனா பக்கத்தில், ஆமை பார்க்க. மோலோகினியில் கண்ட தெளிவு அங்கே இருக்காது, ஏமாற வேண்டாம். ஆமையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருங்கள், அது மூச்செடுக்க மேலே வரும் பாதையை மறிக்காதீர்கள், அது சட்டப் பிரச்சினையும்கூட. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்களின் காலம். படகு 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் தலையைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை நிறுத்தினால் அவை பாடுவது காதில் விழும். இது நீச்சலே தெரியாதவருக்கும் கிடைக்கிற விஷயம், மனைவியிடம் சொல்லிவையுங்கள்.

சைவம் என்றால் பதிவிலேயே எழுதுங்கள். காய்கறி பர்கர் என்று கொடுப்பதைக் கோழி சுட்ட அதே கிரில்லில்தான் சுடுவார்கள். அது ஒத்துவராது என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள், கண்ணாடிப் பாத்திரம் இல்லாதவரை பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பீர் கடைசி ஸ்நார்க்கெல் முடிந்த பிறகுதான் கிடைக்கும், குடித்தவர் மறுபடி இறங்க முடியாது. கட்டணத்துக்கு மேல் ஊழியர்களுக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம், பணமாக வைத்திருங்கள்.

நாள் தேர்வு: வந்திறங்கிய மறுநாள் வேண்டாம், கடைசி நாளும் வேண்டாம். ஐந்தாவது நாள் போட்டால், காற்றில் ரத்தானாலும் மாற்ற நாள் இருக்கும். தேசிய வானிலைச் சேவையின் கடல் அறிக்கையில் மாஅலாயா வளைகுடாவுக்குத் தனியாக முன்னறிவிப்பு வரும். அதில் சிறு படகுகளுக்கான எச்சரிக்கை இருந்தால், கம்பெனி கூப்பிடக் காத்திராமல் நீங்களே போன் செய்து மாற்றுங்கள். மோலோகினிக்குப் போக முடியாவிட்டால் பணம் திரும்புமா, வேறு இடத்துக்குக் கூட்டிப்போவதே முடிவா என்பதையும் பதிவுக்கு முன் கேட்டு வையுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை, முடிவு கேப்டனுடையது.

படகில் 'ஸ்னூபா' என்று ஒன்றைக் கூடுதலாக விற்கப் பார்ப்பார்கள். மிதவையில் உள்ள காற்று உருளையிலிருந்து நீண்ட குழாய் வழியாக மூச்செடுத்துக்கொண்டு ஆறு மீட்டர் வரை இறங்குவது. நீங்கள் ஒருவர் செய்யலாம். ஆனால் அதில் சுவாசிப்பது அழுத்தப்பட்ட காற்று, அதற்குப் பின் உடனே உயரமான இடத்துக்குப் போவது உடலுக்கு ஆபத்து. ஹலேயகலா உச்சி 3,055 மீட்டர், சூரிய உதயத்துக்கு அங்கே முன்பதிவு செய்திருந்தால் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள், அல்லது மலையை முதலில் முடித்துவிடுங்கள். வெறும் ஸ்நார்க்கெல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.